சும்மா போகிற வண்டிக்குத் தீனி

அந்த மனிதரைப் பற்றிக் கோபப்படாமல் என்னால் பேச முடியாது. முயன்று பார்த்தாயிற்று. என் மனைவியிடம் இரண்டு முறை நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு முறையும் பாதியிலேயே குரல் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அஞ்சலி அல்ல. ஆள் உயிரோடு பெரம்பலூர்ப் பக்கம் இருக்கிறார். நான் அவரைத் திட்டுவதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் எங்கள் கம்பெனியில் வேன் டிரைவர். நான் அதே கம்பெனிக்கு துபாயில் அல் குசைஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கட்டட வேலை ஆட்களைக் காலையில் அவர்கள் தங்குகிற கேம்பிலிருந்து சைட்டுக்கும் சாயங்காலம் சைட்டிலிருந்து கேம்புக்கும் ஏற்றிப் போகிற பதினைந்து சீட் வேன்கள் எங்களிடம் நிறைய உண்டு. பெட்ரோல் வண்டி, கையால் கியர் போடுகிற வண்டி. அதில் ஒன்றை அவர் பல வருடமாக ஓட்டினார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், கோபத்தில்கூட. திருநெல்வேலிக்காரனுக்கு அந்த மரியாதை மட்டும் விட்டுப் போகாது.

இறக்கம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அவருடைய வலது கை சும்மா இருக்காது. இங்கே ஸ்டியரிங் இடப் பக்கம், கியர் வலது கைக்கு. துபாயில் இறக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மேம்பாலம் இருக்கிறதே! பாலத்தின் உச்சி வந்ததும் கிளட்சை மிதித்து, கியரை உருவி நியூட்ரலில் போட்டுவிடுவார். இஞ்சின் சத்தம் அடங்கி வண்டி தன்பாட்டுக்கு உருளும். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். கோயில் உண்டியலில் போட வேண்டியதைப் போடாமல் தப்பித்தவன் சிரிப்பு. சிக்னல் சிவப்பாக இருப்பது அரைக் கிலோமீட்டர் முன்னால் தெரிந்தாலும் அதே கதைதான்.

“சும்மா போற வண்டிக்கு எதுக்குப்பா தீனி?” என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்! ஒர்க்‌ஷாப் வாசலில் கேட்டிருக்கிறேன், கேம்ப் மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டோடு கேட்டிருக்கிறேன். புதிதாக வந்த டிரைவர்களுக்கு அவர் இதை உபதேசம் செய்வார். ஹிந்திக்காரப் பையன்களிடம் “காலி காடிக்கோ கானா காய்க்கோ பாய்?” என்று அதையே மொழிபெயர்த்துச் சொல்வார். அவர்களுக்குப் பாதி புரியும், ஆனாலும் தலையாட்டுவார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் அவர் செய்கிற அநியாயத்தை அந்த வேனில் போனவர்களைத்தான் கேட்க வேண்டும். கடைசி ஆள் ஏறிக் கதவு சாத்துகிற வரை ஏசி போட மாட்டார். வெயிலில் பத்து மணி நேரம் சிமெண்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனிதர்கள் அந்தத் தகர அடுப்புக்குள் உட்கார்ந்து வேக வேண்டும். “பாய், ஏசி சலாவ்” என்று கெஞ்சுவார்கள். முதலில் எல்லாரும் ஏறுங்கள் என்று “பஹ்லே சப் ஆவ்” என்பார் இவர், அசையாமல். குமரேசன் என்று எங்களூர்ப் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒருவன் அதே வேனில்தான் போவான். ஒரு நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, பெட்ரோலு ஒங்க அப்பன் வீட்டுதா? போடுங்கண்ணே ஏசிய!”

“எவன் அப்பன் வீட்டுதா இருந்தா என்னா? எரியறது எரியறதுதான?”

இந்தப் பதிலைக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. சொந்த வண்டியில் ஒருவர் மிச்சம் பிடித்தால் கஞ்சம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். இவர் மிச்சம் பிடித்துக் கொடுத்தது யாருக்கு? கேம்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேரை அடைக்கிற கம்பெனிக்கு. கோடையில் தண்ணீர் டேங்குக்கு மேல் ஒரு கூரை போடச் சொல்லி மூன்று வருடம் கேட்டும் போடாத கம்பெனிக்கு. அந்த முதலாளி இவரை ஒரு தடவை நேரில் பார்த்திருப்பாரா? பெயர் தெரியுமா? தெரியாத மனுஷனுக்காக இவர் பதினொரு பேரை வேகவைத்தார்.

கேம்ப் ரூமிலும் அப்படித்தான். சாப்பிட்டுக் கை துடைக்கிற டிஷ்யூவை இரண்டாகக் கிழிப்பார், பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். யாராவது குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால் பின்னாலிருந்து கை நீட்டி மூடுவார். நுரை வாயோடு திரும்பிப் பார்த்தால், “தேச்சு முடிச்சுட்டுத் தொறந்துக்க” என்பார். ஒருவன் கையை ஓங்கிவிட்டான். இவர் பயப்படவில்லை, குழாயை மறுபடியும் இறுக்கி மூடிவிட்டுத்தான் நகர்ந்தார்.

இதையெல்லாம் வளர்த்துவிட்டது ஆபீஸ். டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் சார் சென்னைக்காரர். குடும்பத்தோடு நல்ல ஃப்ளாட்டில் இருப்பவர், சட்டையில் எப்போதும் சென்ட் மணக்கும். அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு மாதமும் எந்த வேன் கிலோமீட்டருக்குக் குறைவாகப் பெட்ரோல் குடித்ததோ அந்த டிரைவரின் போட்டோவை ஆபீஸ் வாசல் பலகையில் ஒட்டுவது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் கிடையாது. போட்டோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் வாழ்த்து. அந்தப் பலகையில் எங்கள் ஆள் வருடத்தில் ஏழெட்டு மாதம் தொங்குவார். ஒவ்வொரு தடவையும் பலகைக்கு முன்னால் நின்று யாரையாவது போன் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து, ஊரில் கல்லூரியில் படிக்கிற மகளுக்கு அனுப்புவார். மகள் பதிலுக்குக் கைதட்டுகிற பொம்மைப் படம் அனுப்புவாள். அதை எல்லோரிடமும் காட்டுவார்.

ஒரு டிரைவர் மீட்டிங்கில் இன்சார்ஜ் சார் எழுந்து நின்று, “இவர்கிட்ட கத்துக்கோங்க எல்லாரும். எப்படி மெயின்டெயின் பண்றார் பாருங்க” என்றார். நானும் அந்த மீட்டிங்கில் சுவரோரம் நின்றேன். இவர் எழுந்து கூச்சத்தோடு, “எறக்கத்துல நியூட்ரல்ல விட்டுருவேன் சார், சும்மா போற வண்டிக்கு எதுக்குத் தீனி” என்றார். இன்சார்ஜ் சார் சிரித்தார். கைதட்டினார். ஆமாம், கைதட்டினார்! அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மீட்டிங் முடிந்ததும் அவரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தேன்.

“அண்ணே, அறிவு இருக்கா ஒங்களுக்கு? எறக்கத்துல கியர எடுத்தா வண்டி மொத்தமும் பிரேக்குமேலதான் உக்காரும். பாலத்துல பரவாயில்ல. மலையில எறங்குனா பிரேக்கு வெந்து போவும், பிடிக்காது. எத்தன தடவ சொல்லுதேன்?”

“இருபது வருசமா இப்புடித்தான் எறங்குறேன். எங்க வெந்துச்சு?”

“சரி, அத விடுங்க. நீங்க மிச்சம் பிடிக்கீங்களே, அதுவே பொய். நியூட்ரல்லதான் பெட்ரோல் போவும். கியர்ல விட்டாப் போவாது.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. மெக்கானிக்குக்கு மூளை குழம்பிவிட்டது என்கிற பரிதாபம்.

அடுத்த வாரம் லீவு நாளில் அவரை விடவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டி, அதன் திரையை அவர் கண்ணுக்கு நேரே நிறுத்தினேன். இஞ்சினுக்குள் அந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் போகிறது என்று, மணிக்கு இத்தனை லிட்டர் என்கிற கணக்கில் அது காட்டும். லீவு நாள் காலை, மேம்பாலம் காலியாக இருந்தது.

“உச்சி வந்ததும் கியரத் தொடாதீங்க. மூணுலயே கெடக்கட்டும். கால மட்டும் எடுங்க.”

எடுத்தார். இஞ்சின் உறுமியது. திரையில் எண் சரசரவென்று இறங்கி சைபரில் நின்றது. பாலத்தின் அடிவரை சைபர்தான். சுற்றிக்கொண்டு மறுபடியும் மேலே வந்தோம்.

“இப்ப ஒங்க வித்தையக் காட்டுங்க.”

நியூட்ரல் போட்டார். சத்தம் அடங்கியது. எண் சைபரிலிருந்து எழுந்து, ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே போய் உட்கார்ந்துகொண்டு அங்கேயே ஆடியது. பாலத்தின் அடிவரை ஆடியது.

“இன்னொருக்காப் போவமா?” என்றார்.

ஐந்து முறை போனோம். ஐந்து முறையும் அதேதான். பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெற்றி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“மிஷினு தப்பாக் காட்டுது” என்றார்.

“எது தப்பு? எதுண்ணே தப்பு?”

“ஒனக்குக் காது கேக்குதுல்ல? கியர்ல விட்டா இஞ்சினு என்னா கத்து கத்துது. நியூட்ரல்ல கம்முனு கெடக்கு. கத்துற புள்ள பால் குடிக்கலங்கற, தூங்குற புள்ள குடிக்குதுங்கற. வெளிய சொன்னா சிரிப்பாங்கப்பா.”

“அது பசியில கத்தலண்ணே! வண்டி ஓடுத வேகத்துல சக்கரந்தான் இஞ்சினப் பிடிச்சுச் சுத்துது. சுத்துததுக்கு ஆள் இருக்கும்போது பெட்ரோல் எதுக்குன்னு கம்ப்யூட்டர் வழிய அடைச்சிருது. நியூட்ரல்ல போட்டா சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் ஒறவு அத்துப்போவும். அணைஞ்சிராம இருக்கணும்னா இஞ்சின் சொந்தமாக் குடிச்சுத்தான் ஆவணும். ஒங்க ஊருல நீங்க ஓட்டுன பழைய கார்புரேட்டர் வண்டிக்கு நீங்க சொல்லுதது சரியா இருக்கலாம். இது அது இல்ல.”

“அப்பறம் எப்புடிப் பலகையில என் படம் வருது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் எரிச்சல். நான் சொல்வது சரி, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் வண்டி மட்டும் குறைவாகத்தான் குடித்தது, அதுவும் நிஜம். ஸ்கேனரைக் கழற்றினேன். அவர் என் தோளைத் தட்டி, “சின்ன வயசு, மிஷினையே நம்புற” என்றார். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் செய்திருக்க வேண்டியது வேறு. ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த டிரைவர் இறக்கத்தில் நியூட்ரலில் ஓட்டுகிறார், ஆபத்து என்று ஒரே ஒரு வரி. நான் கொடுக்கவில்லை. கைதட்டின ஆளிடமே போய் எதை எழுதிக் கொடுப்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவரிடம் கத்துவதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் ஃபுஜைரா பக்கம் மலைமேல் ஒரு சைட் வந்தது. விருந்தினர் மாளிகை கட்டுகிற வேலை. எங்கள் ஆள்தான் வேன். முந்தின நாளே போன் பண்ணி, “அண்ணே, அது பாலம் இல்ல, மலை. ரெண்டாவது கியர்ல எறங்குங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்” என்றேன். “சரிப்பா சரிப்பா” என்றார். அந்தச் சரிப்பாவை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். ஆட்களோடு அவர் மலையில் ஏறுவதற்கு நான்கு நாள் முன்னால்தான் அந்த வேனுக்கு நான் நாலு சக்கரத்துக்கும் புது பிரேக் பேட் போட்டுக் கொடுத்திருந்தேன்.

முதல் நாள் சாயங்காலமே நடந்துவிட்டது. குமரேசன் உள்ளே இருந்தான், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உச்சியிலிருந்து புறப்பட்டதுமே கியரை உருவிவிட்டாராம். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து வந்திருக்கிறார். பாதி தூரத்தில் கருகின நாற்றம் அடித்திருக்கிறது. “அண்ணே, ஏதோ தீயுது” என்று குமரேசன் சொல்ல, “புது பேடுப்பா, அப்புடித்தான் வாட அடிக்கும்” என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வளைவில் பெடல் தரைவரை போய்விட்டது. மிதிக்கிறார், மிதிக்கிறார், ஒன்றும் இல்லை. கியருக்குள் தள்ளப் பார்த்திருக்கிறார். அந்த வேகத்தில் எந்த கியர் விழும்? கரகரவென்று அரைத்துவிட்டு வெளியே துப்பியிருக்கிறது. வண்டிக்குள் பதினொரு பேரும் அவரவர் சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல வேளை, ரோடு வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் ஒன்று ஓரத்தில் இருந்திருக்கிறது. அதில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்.

யாரும் சாகவில்லை. ஒரு கொத்தனாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒருவனுக்கு முன்பல் இரண்டு போனது. மற்றவர்களுக்குக் காயம்.

ரெக்கவரி வண்டியோடு நான் போய்ச் சேரும்போது அடிபட்டவர்களை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போயிருந்தது. முன் சக்கரத்து டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. நான் பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. சூடு ஆறினதும் பிரேக் தானாகத் திரும்பி வந்துவிட்டது. அவர் ரோட்டோரக் கல்லில் நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“தம்பி, டேங்குல பாதிக்கு மேல கெடக்கு. ஒழுகுதான்னு பாருப்பா.”

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வயதில் பெரியவராக இல்லாமல் இருந்தால் அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். பதினொரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்துவிட்டு, டேங்கில் ஒழுகுகிறதா என்று கேட்கிறார்! நான் சங்கிலியை மாட்டினேன்.

மறுநாள் இன்சார்ஜ் சார் ரூமில் விசாரணை. நானும் அவரும் நின்றோம், சார் உட்கார்ந்திருந்தார்.

“என்ன ஆச்சு?”

“பிரேக்கு பிடிக்கல சார்” என்றார் இவர்.

“நீங்க எப்படி ஓட்டுனீங்க?”

“எப்பவும் ஓட்டுற மாதிரிதான் சார்.”

அவர் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். நியூட்ரல் போட்டது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சார் என் பக்கம் திரும்பினார்.

“என்னங்க இது? பேட் மாத்தி ஒரு வாரம்கூட ஆகல. இப்ப பெடல் சரியா இருக்குன்னு வேற சொல்றீங்க. அப்ப பிரேக் லைன்ல காத்து இருந்திருக்கு, நீங்க சரியா எடுக்கல. போலீஸ் ரிப்போர்ட்ல நான் என்ன எழுதட்டும்?”

“மெக்கானிக்குத் தம்பி நல்லாத்தான் போட்டுருக்கும் சார்” என்றார் இவர் நடுவில். “ஆனா பிடிக்கலயே.”

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் மனைவியையும் குழந்தையையும் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தேன். சத்வாவில் ஒரு சின்ன அறை, அவர்கள் விசா என் வேலையில் தொங்குகிறது. பிரேக் வேலையில் அலட்சியம் என்று ஒரு வரி எழுதினால் வேலை மட்டும் போகாது, போலீஸும் வரும். நான் செய்யாத தப்புக்கு!

“சார், வண்டியில டிராக்கிங் பெட்டி இருக்குல்லா? அதுல வேகமும் இஞ்சின் சுத்துன கணக்கும் பதிவாவும். அத எடுத்துப் பாருங்க” என்றேன்.

எடுத்தார்கள். வண்டி எண்பதில் இறங்குகிறது, இஞ்சின் சும்மா நிற்கிற வண்டி மாதிரிச் சுற்றுகிறது. உச்சியிலிருந்து ஜல்லிக் குவியல் வரை ஒரே கோடு. நியூட்ரல். மறுக்க ஒன்றும் இல்லை. சார் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துக் கத்தினார்: “பைத்தியமா நீங்க? யார் உங்களுக்கு இப்படி ஓட்டச் சொன்னது?”

யார் சொன்னதா? கைதட்டினது யார்? அதைக் கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என் தலை தப்பியது, அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பலகையில் அவர் போட்டோவைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். போலீஸ் வேலை முடிந்ததும் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட், கலாஸ், கதை முடிந்தது. இன்சார்ஜ் சார் இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அவர் எப்போதெல்லாம் இப்படி ஓட்டியிருக்கிறார் என்று முழுசாகத் தெரிய வேண்டும், யாராவது நாளைக்கு என்மேல் திரும்பினால் கையில் ஆதாரம் வேண்டும். அந்தப் பெட்டியின் மூன்று மாதப் பதிவையும் கேட்டு வாங்கி ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து பார்த்தேன். நியூட்ரல் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் இருந்தது. மற்ற டிரைவர்களின் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். மிதிப்பார்கள், பிரேக் அடிப்பார்கள், மறுபடி மிதிப்பார்கள். இவருடைய கோடு அப்படி இல்லை. ஒரு இடத்தில்கூட அழுத்தி மிதிக்கவில்லை. சிக்னலுக்கு எவ்வளவோ முன்னாலேயே பார்த்துக் காலை எடுத்திருக்கிறார். நின்று கிளம்புவதைவிட நிற்காமலே போய்ச் சேர்வதற்கு வேகத்தை அளந்து வைத்திருக்கிறார். அவர் மிச்சம் பிடித்தது நிஜம். நியூட்ரல் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். பிடித்தது முழுக்க அவருடைய கால். இருபது வருடமாக அது அவருக்கே தெரியாது.

பறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நான் ஒரு பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்தேன்.

“தம்பி.”

நான் வெளியே வரவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வரட்டும் என்று காத்திருந்தேன், எனக்கும் சொல்ல நிறைய இருந்தது.

“ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத.”

“கேளுங்க.”

“அன்னைக்குப் பாலத்துல அந்த மிஷினு காட்டுச்சே. அது உண்மைதானா?”

“உண்மைதான்.”

அவருடைய செருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“அப்ப நான் ஒண்ணும் மிச்சம் பிடிக்கல. இத்தன வருசமும் எரிச்சுக்கிட்டே இருந்துருக்கேன்.”

எனக்கு வந்ததே கோபம்! வேலை போனது, ஊரில் மகள் படிப்பு பாதியில் நிற்கிறது, ஆட்கள் சாக இருந்தார்கள், இந்த மனிதருக்குக் கவலை பெட்ரோல்.

“ஆமா, எரிச்சீங்க! அந்தக் கொத்தனாரு தோளு ஒடைஞ்சு கெடக்காரு, அதக் கேக்கத் தோணலையா ஒங்களுக்கு?”

“அவரப் பாத்துட்டுத்தாம்ப்பா வரேன்” என்றார். “கால்ல விழுந்தேன். எந்திரிக்கச் சொல்லிட்டாரு.”

நான் ஸ்பேனரை எடுத்து ஒரு போல்ட்டைத் திருகினேன்.

“சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க. புள்ளயக் கேட்டதாச் சொல்லு.”

செருப்பு திரும்பியது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். வெறும் கம்பம்தான், நிழல் கிடையாது. அவர் அங்கே போய் நின்றார். நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். ஒங்க காலுதாண்ணே மிச்சம் பிடிச்சது, நீங்க எரிக்கல, காகிதம் என்கிட்ட இருக்கு, வந்து பாருங்க. அவ்வளவு சொன்னால் போதும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

பஸ் வர இருபது நிமிடம் ஆனது. நான் கூப்பிடவில்லை.